பெயர் எழுதப்படாத தாய்மார்

ஸ்கின்னர் என்ற பெயரைக் கேட்டதும் எம்மவருக்கு நினைவில் வருபவர், இலங்கையின் வீதிகளை அமைத்த மேஜர் தோமஸ் ஸ்கின்னர். நான் இங்கு சொல்லப் புகுவது அவருடைய கதையன்று. ஏறத்தாழ அதே காலத்தில் வட இந்தியாவில் வாழ்ந்த இன்னொரு ஸ்கின்னரின் கதை. லெப்டினன்ட் கேணல் ஜேம்ஸ் ஸ்கின்னர் 1778 இல் கல்கத்தாவிற் பிறந்து, 1841 இல் ஹான்சியில் மறைந்தவர். மஞ்சள் அங்கி தரித்த குதிரைப்படை ஒன்றின் தலைவர். மக்கள் அவரைச் 'சிக்கந்தர் சாகிப்' என்றழைத்தனர். மாவீரன் அலெக்சாந்தருக்கு அந்நாட்டார் வழங்கிய பெயர் அது.

அவருடைய போர்களைப் பற்றி எழுதியோர் பலர். எனக்கோ அவருடைய வீடே பெரிதாகப் படுகின்றது.

தந்தை ஹேர்க்குலிஸ் ஸ்கின்னர், கும்பினிப் படையிற் பணிபுரிந்த ஸ்கொத்லாந்துக்காரர். தாய் ஒரு ராஜபுத்திரப் பெண்; போஜ்பூர்ச் சீமையைச் சேர்ந்த நிலக்கிழார் ஒருவரின் மகள். பதினான்கு வயதிற் போரிலே சிறைப்பட்டு, அந்தப் படை அதிகாரியின் இல்லத்தை அடைந்தாள். ஆண் மூன்று, பெண் மூன்றாக ஆறு பிள்ளைகளைப் பெற்றாள். பெண்மக்களைப் பாடசாலைக்கு அனுப்புவதெனத் தந்தை முடிவு செய்தபோது அவளால் அதைத் தாங்க முடியவில்லை. ராஜபுத்திரக் குலத்துப் பெண் திரையை நீக்கி வெளியே சென்றால் குலமானமே போயிற்று என்பது அவள் வளர்ந்த வழக்கம். 1790 இல் அவள் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொண்டாள். ஜேம்சுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பெண்கல்வியைப் போற்றும் நாம் அந்தத் தாயின் எண்ணத்தை ஏற்க மாட்டோம். ஆயினும், தன் ஊரையும் உறவையும் போரிலே பறிகொடுத்த ஒருத்திக்கு எஞ்சியிருந்தது அந்த ஒரு மானந்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. தான் பெற்ற பிள்ளைகளைப் பற்றிய முடிவிலே அவளுடைய சொல் எடுபடவில்லை.

தாய் போனாள், தாய்வழி வந்த குருதியோ மகனை விடவில்லை. இந்தியத் தாய்க்குப் பிறந்தோர் கும்பினியின் குடிசார், இராணுவ, கப்பற் சேவைகளிற் சேரலாகாது என 1791 இல் கட்டளை பிறந்தது. 1795 இல் அது மேலும் இறுகியது. பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக அமையாதவர் படையிலே மேளம் அடிக்கலாம், குழல் ஊதலாம், குதிரைக்கு இலாடம் கட்டலாம், போர்வீரராக முடியாது. அதே ஆண்டில் ஓர் அச்சகத்தில் தொழில் பழக விடப்பட்ட ஜேம்ஸ் மூன்றே நாளில் அங்கிருந்து ஓடினார். கடைத்தெருவிற் கூலி வேலை செய்து வயிறு வளர்த்தார். பின்னர் ஞானத்தந்தையின் உதவியால், மராட்டியத் தலைவர் சிந்தியாவின் படையில் மாதம் 150 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். தந்தையின் படை மூடிய கதவை அந்தப் படை திறந்தது.

எட்டு ஆண்டுகள் சென்றன. 1803 இல் ஆங்கிலேயருக்கும் மராட்டியருக்கும் போர் மூண்டபோது, சிந்தியாவின் பிரெஞ்சுத் தளபதி பெரோன், ஆங்கிலக் குருதி உடையவரை நம்ப முடியாதெனக் கூறி வெளியேற்றினார். ஸ்கின்னரும் வெளியேற நேர்ந்தது. முதலில் தாயின் குருதி தடையாயிற்று. பின்னர் தந்தையின் குருதி தடையாயிற்று. இரு குலத்துக்கும் உரியவன் இரு வாசலிலும் அந்நியனாய் நின்றான். டில்லிப் போரில் மராட்டியர் தோற்றபின் ஆங்கிலேயர் பக்கம் வந்த குதிரைவீரர்கள் தமக்குத் தலைவராக வேண்டுமென்று கேட்டது இவரைத்தான். 'ஸ்கின்னரின் குதிரைப்படை' இவ்வாறே உருவாயிற்று.

இதற்கு முன், 1800 இல் நிகழ்ந்த ஒன்றையும் இங்கு சொல்லியாக வேண்டும். உனியாரா என்னுமிடத்தில் நடந்த போரிலே ஸ்கின்னர் குண்டடிபட்டு வீழ்ந்தார். இரண்டு இரவுகள் பிணங்களுக்கிடையே கிடந்தார். உயிர் பிழைத்தால் தேவாலயம் ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்து கொண்டார். பொழுது விடிந்தபோது ஓர் ஆணும் ஒரு முதியவளும் ரொட்டியும் தண்ணீர்க் குடமும் சுமந்து வந்து, காயமுற்றோர் ஒவ்வொருவருக்கும் கொடுத்தனர். அவர்கள் சமார் குலத்தினர். தோற்றொழிலாளர் என ஒதுக்கி வைக்கப்பட்டோர். அருகிலே காலிழந்து கிடந்த ராஜபுத்திர சுபேதார் ஒருவர் சாகும் தறுவாயிலும் அவர்கள் கையாற் பருக மறுத்தார். ராஜபுத்திரத் தாயின் மகனோ வாங்கி உண்டார். குணமடைந்தபின் அந்த மூதாட்டிக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பி, அவளைத் தம் தாயென்றே குறிப்பிட்டார்.

ஒரு தாய் குலமானத்துக்காக உயிர் விட்டாள். மற்றத் தாய் குலம் பாராது உயிர் கொடுத்தாள். இருவரிடமும் கடன்பட்டவர் ஸ்கின்னர். அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளைக் கொண்டு ஜேம்ஸ் பெய்லி பிரேசர் எழுதிய நூல் 1851 இல் வெளிவந்தது. தளபதிகள், கோட்டைகள், குதிரைகள் எல்லாம் நிரம்பிய அந்த நூலில் இவ்விரு பெண்களின் கதையும் உண்டு, பெயர்தான் இல்லை.

வகுப்பிலே மூதின் முல்லைத் துறையை நடத்தும் போதெல்லாம் இந்த எண்ணம் எனக்கு வருவதுண்டு. மறக்குடிப் பெண்ணின் வீரத்தைப் போற்றும் துறை அது. மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரை நாம் அறிவோம். அவர் பாடிய தாயின் பெயரை யார் அறிவார்? வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதினர். அவனைப் பெற்றவளுக்குக் கல் இல்லை.

ஸ்கின்னர் கல்லையும் விட்டுச் சென்றார், ஏட்டையும் விட்டுச் சென்றார். வட இந்தியச் சாதிகளையும் தொழில்களையும் படங்களோடு விவரிக்கும் 'தஷ்ரீஹ் அல் அக்வாம்' என்னும் பாரசீக நூலை 1825 இல் நிறைவு செய்தார். நேர்ந்தபடியே டில்லி காஷ்மீர் வாசலருகே தம் செலவிற் கட்டிய புனித யாகப்பர் தேவாலயம் 1836 இல் அர்ச்சிக்கப்பட்டது. அவருடைய உடலும் அங்கேயே அடங்கியுள்ளது. அவருக்குப் பதினான்கு மனைவியர் என ஊர் பேசிற்று. குடும்பத்தார் அதை ஒப்பவில்லை. எண்ணிக்கை பேசுபொருளாயிற்றே தவிர, அப்பெண்களின் வாழ்வு பேசுபொருளாகவில்லை.

வழித்தோன்றல்களின் கதையும் இவ்விழையிலேயே செல்கின்றது. 1857 மே மாதத்தில் டில்லியிற் கிளர்ச்சி மூண்டபோது, ஸ்கின்னரின் மகள் எலிசபெத் தன் கணவரோடும் கைக்குழந்தையோடும் கர்னால் வீதி வழியே தப்பியோடினார். ஐரோப்பியரைத் தேடித்தேடிக் கொன்ற அந்த நாளிலே, சிக்கந்தர் சாகிபின் மகள் என்ற அறிமுகமே அவருக்குக் காவலாயிற்று. தகப்பன் பெயர் உயிரைக் காத்தது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே தகப்பன் வழி வேறு விதமாக வேலை செய்தது. ஸ்கின்னர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தியின் வழக்கு 1871 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அவளுடைய தந்தை இறந்துவிட்டார். கிறிஸ்தவளாயிருந்த தாய் இன்னொருவரோடு வாழ்ந்து, இருவரும் இஸ்லாத்தைத் தழுவினர். தந்தையின் சமயமே குழந்தையின் சமயம் எனக் கொண்ட நீதியரசர்கள், தாயிடமிருந்து சிறுமியைப் பிரித்தது சரியென்றே தீர்த்தனர். 1790 இல் கல்கத்தா வீட்டிலே எடுபடாத தாயின் சொல், எண்பத்தோர் ஆண்டுகளின் பின் நீதிமன்றத்திலும் எடுபடவில்லை.

ஸ்கின்னரின் குதிரைப்படை இன்றும் இந்திய இராணுவத்தில் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அவர் வழிவந்த ஒருவரே அதற்குத் தலைமை தாங்கினார். ஒரு போர்வீரனின் பெயர் ஏறத்தாழ இருநூற்றாண்டாய் வாழ்வதற்குப் படை இருந்தது, கோயில் இருந்தது, நூல் இருந்தது. பெண்வழிப் பெயரைக் காப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

இது வட இந்தியப் படைவீட்டின் குறை மட்டுமன்று. எங்கள் பெயருக்கு முன்னால் நிற்பதும் தந்தையின் முதலெழுத்தே. அம்மம்மாவின் தாய்க்கு என்ன பெயர் என்று மாணவரைக் கேட்டால் விடை சொல்வோர் சிலரே. வீட்டுப் பெட்டகத்திற் கிடக்கும் பழைய காணி உறுதிகளையும் சாதக ஓலைகளையும் ஒருமுறை விரித்துப் பாருங்கள். முதியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கிடைக்கும் பெண்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னொரு நாள் உங்கள் குடும்பக் கதையை எழுதப் புகும் பிள்ளைக்கு அந்தக் கொப்பி உதவும்.