நாவில் ஏறாத திருநாமம்



மார்க்கப் பற்றுள்ள யூதர் ஒருவரிடம் நலம் விசாரித்தால் "பாரூக் ஹஷ்ஷேம்" என்று மறுமொழி வரும். நாம் 'அல்ஹம்து லில்லாஹ்' என்று சொல்லும் இடம் அது. நாளைய வேலையைப் பற்றிப் பேசினால் "இம் யிர்த்ஸே ஹஷ்ஷேம்" என்பார். நமது 'இன்ஷா அல்லாஹ்'வுக்கு நேரானது. ஹஷ்ஷேம் என்பதற்கு 'அந்தப் பெயர்' என்பதே பொருள். இறைவனின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'பெயர்' என்ற சொல்லையே வைத்துப் பேசுகிறார்கள்!

யூத வேதத்தில் இறைவனின் தனிப்பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்னும் 4 எழுத்துகளால் ஆனது. அது 6,800 தடவைகளுக்கும் மேல் இடம்பெறுகிறது. முற்காலத்தில் அது பாமரர் நாவிலும் புழங்கியது. ரூத் என்ற ஆகமத்தில், வயலின் சொந்தக்காரர் போவாஸ் அறுவடை செய்வோரை அப்பெயர் சொல்லியே வாழ்த்துகிறார். அவர்களும் அவ்வாறே பதில் வாழ்த்துக் கூறுகின்றனர். 1935-ல் லாகீஷ் நகர இடிபாடுகளில் கிடைத்த பானையோட்டுக் கடிதங்கள் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. படைப்பிரிவில் இருந்தவர் தம் மேலதிகாரிக்கு எழுதிய அக்கடிதங்களிலும், நலம் கோரும் வரியில் அதே 4 எழுத்துகள்.

பின்னர் நாவு தயங்கத் தொடங்கிற்று. இறைவனின் பெயரை வீணாக எடுக்கலாகாது என்ற கட்டளையின் அச்சம் வளர்ந்தது. ஜெரூஸலம் ஆலயத்தில், பாவமன்னிப்பு நாளாகிய யோம் கிப்பூரன்று தலைமைக் குரு அப்பெயரை மொழிவார்; செவியுற்ற மக்கள் முகங்குப்புற விழுந்து பணிவார்கள் என்று கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா கூறுகிறது. கி.பி. 70-ல் ரோமர்கள் அவ்வாலயத்தை இடித்தனர். உச்சரிக்கும் இடம் போயிற்று. காலப்போக்கில் உச்சரிப்பும் போயிற்று. அறிஞர்கள் ஊகிக்கிறார்களேயன்றி, அதன் ஒலியை அறுதியிட்டுக் கூற இன்று எவருமில்லை.

வேதத்தை ஓதும்போது அவ்விடத்தில் 'அதோனாய்' (என் ஆண்டவன்) என்றே ஓதினர். இதை நினைவூட்ட, பிரதி எழுதியோர் 4 எழுத்துகளின் மீது அதோனாயின் உயிர்க்குறிகளை, நம் ஹரகத்துகளைப் போல, இட்டு வைத்தனர். இதையறியாத ஐரோப்பியர் இரண்டையும் கூட்டி வாசித்ததில் பிறந்ததே 'ஜெஹோவா'. தமிழ் பைபிளின் 'யேகோவா'வும் அவ்வழி வந்ததே.

மரியாதை அத்துடன் நிற்கவில்லை. மாற்றுச் சொல்லாக வந்த அதோனாயும் புனிதமாகி வணக்கத்திற்கென ஒதுங்கிக்கொண்டது. அன்றாடப் பேச்சுக்கு ஹஷ்ஷேம் வந்தது. ஹீப்ருவில் எழுத்துகளே எண்கள். 15 என்பதை 10, 5 என எழுதினால் யோத், ஹே என்று திருநாமத்தின் பாதி வந்துவிடும். ஆகவே 9, 6 என்று எழுதுகிறார்கள்!

பெயரை மறைத்துவிட்டார்கள் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு. அது நியாயமாகப் படவில்லை. மறைக்க நினைத்தவர் 6,800 இடங்களில் எழுதிப் பாதுகாப்பாரா? அச்சத்தோடு நெருக்கமும் அவர்களிடம் இருந்தது. துயரத்தில் "ரிப்போனோ ஷெல் ஓலாம்" என்று அழைப்பார்கள். உலகின் அதிபதியே என்பது பொருள். 'ரப்புல் ஆலமீன்' என்பதன் ஓசை அதில் கேட்கவில்லையா? பாபிலோனியத் தல்மூதோ இறைவனை 'ரஹ்மானா' என்று குறிப்பிடுகிறது.

திருநாமம் எழுதிய தாளை எறிவதும் அவர்களிடம் ஆகாது. கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள பென் எஸ்ரா ஜெபாலயத்தில் அத்தகைய தாள்கள் பல நூற்றாண்டுகள் சேர்ந்து கிடந்தன. 1896-97-ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கிருந்து ஏறத்தாழ 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு சென்றார். வேதத் தாள்களோடு வணிகர்களின் சாதாரணக் கடிதங்களும் அவற்றில் இருந்தன. எழுத்து ஹீப்ரு, மொழி அரபி. அந்த யூத வணிகர்கள் தங்கள் சரக்குகளைப் பற்றி எழுதுமிடத்தில் 'இன்ஷா அல்லாஹ்' என்றே எழுதியிருக்கிறார்கள்.