ஜூலியா பார்க்காமல் போன படம்

1/ ஒரு சின்ன விளையாட்டு. 0 எடுத்துக்கோங்க. அதை வர்க்கமாக்கி 1 கூட்டுங்க. வர்ற விடையை மறுபடி வர்க்கமாக்கி 1 கூட்டுங்க. 0, 1, 2, 5, 26, 677... பிடிக்க முடியாம ஓடிடும். 1-க்குப் பதிலா -1 கூட்டிப் பாருங்க. 0, -1, 0, -1... முளையில் கட்டின மாடு மாதிரி அங்கேயே சுத்தும்.

2/ எது ஓடும், எது நிற்கும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் கணிதத்தின் மிக அழகான படம் பிறந்தது. கதை தொடங்குவது முதல் உலகப்போரில்.

3/ காஸ்டன் ஜூலியா, பிரெஞ்சு ராணுவத்தின் இளம் அதிகாரி. 1915 ஜனவரியில் முகத்தில் குண்டு பாய்ந்தது. வயசு 21. மூக்கு போச்சு. நவீன முகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை அப்போதான் தவழ ஆரம்பிச்ச காலம். பல ஆபரேஷன்களும் கைகொடுக்கல. வாழ்நாள் முழுக்க மூக்கை மறைக்க ஒரு தோல் பட்டை.

4/ அந்த ஆபரேஷன்களுக்கு நடுவே, ஆஸ்பத்திரியில் இருந்தபடியே கணக்கு போட்டார் மனுஷன்! 1918-ல் 199 பக்க ஆய்வு. பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் பரிசும் கிடைச்சது. அதே சமயம் பியர் ஃபாட்டூவும் தனியா இதே வழியில் போய்க்கிட்டிருந்தார்.

5/ ஆனா படம்? ஒவ்வொரு புள்ளிக்கும் திரும்பத் திரும்பக் கணக்கு போடணும். கையால நடக்கிற காரியமா? மெல்ல ஆய்வு மங்கிப்போச்சு.

6/ வார்சாவில் பிறந்த பெனுவா மாண்டல்பிராட் 1958-ல் ஐபிஎம்-மில் சேர்ந்தார். 1975-ல் 'ஃப்ராக்டல்'னு பேர் வெச்சதும் இவர்தான். 1980-ல் அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். சாதா எண்கள் மட்டுமில்ல, ஒரு தளம் முழுக்கப் பரவிய கலப்பெண்கள். கூட்டினா ஓடாம நிற்கிற எண்ணுக்கெல்லாம் கறுப்புப் புள்ளி.

7/ வந்தது வண்டு மாதிரி ஓர் உருவம். ஓரத்தைப் பெரிதாக்கினா சுருள்கள், கடல்குதிரை வால்கள், அதுக்குள்ளே இன்னொரு குட்டி வண்டு. முடிவே கிடையாது. விதியோ ஒரே வரி!

8/ நம்ம நுரையீரலும் இந்த ஜாதிதான். 'ரெண்டாப் பிரி, திரும்பச் செய்'. மூச்சுக்குழாய் சுமார் 23 முறை இப்படிக் கிளை பிரிஞ்சு, கோடிக்கணக்கான காற்றறைகளில் முடியுது. அதனாலதான் கையகல நெஞ்சுக்குள் ஒரு வீட்டளவு பரப்பு அடங்குது.

9/ ஜூலியா 1978-ல் இறந்தார். படம் வர இன்னும் 2 வருஷம் இருந்தது. கண்ணால பார்க்காமலே, வெறும் தர்க்கத்தால அந்த உலகத்தின் விதிகளை அவர் நிரூபிச்சு வெச்சிருந்தார். அந்தப் படத்தை எங்கேயாவது பார்த்தா, தோல் பட்டை கட்டின அந்த முகத்தையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.