நீலமலைக் காப்பியும் அதை விளைவித்த கைகளும்

ஜமைக்காவுக்குக் காப்பி வந்தது 1728-ல். முன்னாள் ஆளுநர் சர் நிக்கலஸ் லாஸ் தம் டெம்பிள் ஹால் பண்ணையில் அதை நட்டார். ஆனால் கரும்பு கோலோச்சிய அந்தத் தீவில் காப்பி நெடுங்காலம் ஓரத்துப் பயிராகவே கிடந்தது.

நிலைமையை மாற்றியது அண்டைத் தீவின் புரட்சி. 1791-ல், இன்று ஹெய்ட்டி எனப்படும் பிரெஞ்சுக் குடியேற்றத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். தப்பி வந்த தோட்ட முதலாளிகள் சிலர் ஜமைக்காவின் நீலமலை (புளூ மவுண்டன்ஸ்) சரிவுகளில் காப்பி பயிரிட்டனர். அவர்களில் ஒருவரான லபோரி, சாகுபடி முறைகளையெல்லாம் தொகுத்து 1798-ல் நூலாக்கினார். 1814-ல் தீவின் ஏற்றுமதி சுமார் 3 கோடியே 40 லட்சம் பவுண்டு எடை.

அத்தனையும் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. செங்குத்துச் சரிவில் கால் ஊன்றி, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். பறித்ததைத் தாமதமின்றி ஆலையில் இட்டுத் தோல் நீக்கி, தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, காரை பூசிய களத்தில் காயவைக்க வேண்டும். அந்தக் களத்துக்கு அங்கே பார்பெக்யூ என்று பெயர். வானம் இருட்டினால் ஓடிப்போய்க் கொட்டையைக் குவித்து மூட வேண்டும். முதலாளி லபோரியின் பெயர் நூலின் முகப்பில் நிற்கிறது. இந்தப் பக்குவம் கைவந்தவர்களுக்கோ பண்ணைக் கணக்கேட்டில் விலையோடு ஒற்றைப் பெயர்தான். இந்த அநீதியைச் சொல்லாமல் காப்பியின் வரலாற்றை எழுதுவது தகாது.

காடழித்த சரிவுகளில் மேல்மண் மழையோடு போயிற்று. 1838-ல் அடிமைகளுக்கு முழு விடுதலை கிடைத்ததும் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறி, சொந்தமாகச் சிறுதுண்டு நிலம் தேடிக்கொண்டனர். பெருந்தோட்டங்கள் பல பாழாயின. இதற்கிடையே இலங்கையும் போட்டிக்கு வந்தது. 1835-லேயே இலங்கைக் காப்பிக்கும் மேற்கிந்தியக் காப்பிக்கும் பிரிட்டனில் ஒரே சுங்கவரி என்றாகியிருந்தது. ஜமைக்காவில் தொழில் கற்ற டைட்லர் என்ற தோட்டத் துரை 1837-ல் இலங்கையின் கண்டிச் சீமைக்குப் போனார். லபோரியின் நூல் அங்கும் துரைமார்களுக்குக் கையேடாயிற்று. ஜமைக்காவில் அடிமைகள் செய்த வேலையை அங்கே செய்தவர்கள், மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த நம் தமிழ்க் கூலிகள்.

ஜமைக்காவில் காப்பியை அழியாமல் காத்தவர்கள் விடுதலை பெற்ற குடியானவர்கள். வாழையும் கிழங்கும் போட்ட கொல்லையிலேயே நாலு காப்பிச் செடியையும் வைத்து வளர்த்தார்கள். தரம் காக்க 1950-ல் காப்பித் தொழில் வாரியம் அமைந்தது. பிறகு ஜப்பான் பெரிய சந்தையாயிற்று. 1988-ல் கில்பர்ட் சூறாவளி தோட்டங்களைச் சூறையாடியது. மறுபடியும் நட்டார்கள். இன்றும் நீலமலைக் காப்பி விளைவிப்போரில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளே.