தாளும் தரையும்

1903ஆம் ஆண்டில் யோகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் ஜப்பானிய ஓவியர் இருவர் கல்கத்தாவுக்கு வந்தனர். தைக்கான் வரையும்போது, வெறும் நீர் தோய்ந்த தூரிகையால் தாளை அவ்வப்போது நனைத்துக்கொள்வதை அவனீந்திரநாத் தாகூர் (1871–1951) அருகிருந்து கண்டார். ரவீந்திரநாதருக்கு மகன் முறையினரான அவர், நனைப்பதோடு நிற்கவில்லை. தாம் வரைந்த படத்தையே தண்ணீரில் முழுக அமிழ்த்தினார். உழைத்து வரைந்த ஒன்றை நீரில் இடத் துணிவு வேண்டும். தாளோடு ஒட்டாத வண்ணம் கரைந்து போயிற்று. இழைகளுக்குள் இறங்கியது மட்டும் நின்றது. உலர்த்தி, மேலும் வண்ணமிட்டு, மீண்டும் அமிழ்த்தினார். இறுதியில் மெல்லிய கோடுகளால் உருவங்களைத் தெளிவாக்கினார். 'வாஷ்' எனப்படும் முறை இவ்வாறு உருவாயிற்று.

முன்னரே முகலாயச் சிற்றோவியங்களின்பால் அவரை ஈர்த்தவர் ஈ.பி. ஹேவல், 1884இல் சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பேற்று, பின்னர் கல்கத்தா சென்றவர். அச்சிற்றோவியங்களின் கோட்டு நுணுக்கமும் ஜப்பானியரின் ஈரமும் கூடி 1905இல் 'பாரத மாதா' பிறந்தது. காவியுடை, நான்கு கரங்கள். அவற்றில் ஏடு, நெற்கதிர், வெண்துகில், செபமாலை. வங்கப் பிரிவினையின் கொந்தளிப்பில் எழுந்த அப்படத்தில் ஆயுதம் ஒன்றுகூட இல்லை.

அம்மென்மையே பின்னர் வினையாயிற்று. பின்பற்றியோர் பலர் எதை வரைந்தாலும் அதன்மேல் ஒரு பனித்திரையைப் போர்த்தினர். தேடலில் கிடைத்த முறை சூத்திரமாகச் சுருங்கியது. அவரிடம் பயின்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமையேற்ற பின் வெண்கலத்தில் வலிமையைத் தேடினார். மெரினாவின் உழைப்பாளர் சிலையைக் காண்போர், அதை வடித்தவரின் ஆசிரியர் பனிபோன்ற படங்களை வரைந்தவர் என்று ஊகிக்கவும் இயலாது.

ஆசிரியரோ வேறு திசையில் பார்த்தார். 1919இல் வெளியான 'பாங்லார் பிரத' என்னும் நூலில், வங்கப் பெண்கள் நோன்பு நாட்களில் தரையில் இடும் அல்பனாவை ஆராய்ந்தார். அரைத்த அரிசிமாவை நீரில் கரைத்து, துணியை நனைத்து, விரல் வழியே கோடு இழுப்பர். நம் இழைக்கோலத்தின் உடன்பிறப்பு எனலாம். நெற்கதிர், கொடி, இலக்குமியின் பாதச்சுவடு, சீப்பு, கண்ணாடி, அணிகலன் ஆகியவை அதில் இடம்பெறும். இவை வெறும் அலங்காரமல்ல, வேண்டுதல்களின் உருவம் என்பது அவனீந்திரநாதரின் கருத்து. வளையல் வேண்டுபவள் வளையலை வரைகிறாள், ஆசையே வடிவமாகிறது. ஓவியத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட இக்கருத்து கவிதைக்கும் அந்நியமன்று.

ஈரத்தில் மங்கித் தெரிந்து, உலர உலர வெண்மை கூடுவது மாக்கோலத்தின் இயல்பு. அமிழ்த்த அமிழ்த்த வண்ணத்தை இழந்த தாளுக்கு நேர்மாறானது அது. பெயரற்ற பெண்கள் நாள்தோறும் மிதித்து அழிக்கவிட்ட அக்கலை, அவருடைய முதன்மை மாணவர் நந்தலால் போஸ் வழிநடத்திய சாந்திநிகேதனக் கலாபவனத்தில் பாடமாயிற்று.

முதுமையில் அவனீந்திரநாதர் தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். உலர்ந்த கிளை, வேர், மரப்பட்டை ஆகியவற்றைப் பொறுக்கி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்றில் பறவை ஒளிந்திருக்கும், மற்றொன்றில் விலங்கு. சிறிதே செதுக்கி, அதை வெளிக்கொணர்வார். இவற்றுக்கு அவர் இட்ட பெயர் 'குட்டும் காட்டாம்'. நம் 'குடும்பம்' என்ற சொல்லோடு தொடர்புடைய 'குட்டும்', வங்காளியில் உறவினரைக் குறிக்கும்.