கபடிக்காரருக்குச் சம்பளம் கொடுத்தது யார்?

தை பிறந்துவிட்டால் பேராவூரணிப் பக்கம் சுவரெல்லாம் ஒரே போஸ்டர்தான். "மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி". முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை தருபவர் இன்னார், நுழைவுக் கட்டணம் இவ்வளவு, எடை இத்தனை கிலோவுக்குள். போஸ்டரில் ஆட்டக்காரர்கள் படத்தைவிடக் கோப்பை கொடுப்பவர்கள் படம்தான் பெரிதாக இருக்கும், அது வேறு கதை.

புரோ கபடி சீசன் வந்தால் அதே ஊர்களின் டீக்கடைகளில் டிவியைச் சுற்றிக் கூட்டம் கூடும். அங்கே மூன்று கருத்துகள் கட்டாயம் காதில் விழும். ஒன்று, "தமிழ் தலைவாஸ்னு பேரு, உள்ள தமிழன் எத்தனை பேருய்யா?" இரண்டு, "இப்பதான்டா கபடிக்காரன் காசைக் கண்ணால பார்க்குறான்." மூன்று, "காசு வந்துச்சு, ஆட்டம் போச்சு." சொல்பவர் அநேகமாக ஒரு காலத்தில் ஊர் அணியில் ஆடி முட்டி போனவராக இருப்பார். அதனால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் இந்த மூன்றுமே பாதி உண்மைதான் என்று தெரியும்.

காசு கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சடுகுடு என்று விளையாடிய காலத்தில் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. அறுத்த வயல், ஏரி உள்வாய், கோயில் திடல், இவைதான் மைதானம். ஜெயித்தால் கோப்பை, கூடவே கொஞ்சம் ரொக்கம். அதுவும் வேன் வாடகைக்கும் புரோட்டாவுக்கும் சரியாகப் போய்விடும். ஆனாலும் "சும்மா ஆடினார்கள்" என்று சொல்லிவிட முடியாது. நல்ல ரெய்டர் என்றால் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து, போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். "ஒரே ஊர் ஆட்கள் மட்டுமே ஆட வேண்டும்" என்று சில போட்டிகளில் விதி போடுவது ஏன்? வெளியூர் ஆளை இறக்குவதை நிறுத்தத்தான். அதாவது ஏலம் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, ஆட்டக்காரர் ஊர் மாறி ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியினர் அங்கே போய்க் கபடியைச் செய்துகாட்டினார்கள். 1938ல் கல்கத்தாவில் நடந்த தேசிய விளையாட்டில் கபடி சேர்ந்தது. 1950ல் அகில இந்திய கபடி சம்மேளனம். 1952ல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நடந்த இடம் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்! 1972ல் புது அமைப்பு ஒன்று வந்தது. அதன் பெயர் இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனம். தமிழ்நாட்டுச் சங்கத்தின் பெயரிலும் அந்த "அமெச்சூர்" ஒட்டிக்கொண்டது.

அமெச்சூர் என்றால் காசுக்காக ஆடாதவர். பெயரிலேயே "இங்கே சம்பளம் கிடையாது" என்று எழுதி மாட்டிவிட்டார்கள். ஆனால் கபடி ஆடுகிறவர் டென்னிஸ் ஆடுகிற பணக்கார வீட்டுப் பிள்ளை இல்லை. நாற்று நடவும் தேங்காய் உரிக்கவும் போகிற வீட்டுப் பிள்ளை. காசு இல்லாமல் பத்து வருடம் ஆடினால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

அதற்கு இந்தியா கண்டுபிடித்த வழிதான் வேலை. ரயில்வே, ராணுவம், போலீஸ், மின்வாரியம், வங்கி, பொதுத்துறை நிறுவனங்கள் எல்லாம் கபடி அணி வைத்துக்கொண்டன. ஆட்டக்காரர் அங்கே ஊழியர். பதிவேட்டில் கிளார்க், கான்ஸ்டபிள், டெக்னீஷியன் என்று இருக்கும். காலையும் மாலையும் பயிற்சி, போட்டி வந்தால் விடுப்பு. மாதம் பிறந்தால் சம்பளம். ஆட முடியாத வயது வந்தாலும் அந்த வேலை போகாது. வணிகவியல் பாஷையில் சொன்னால், பத்து வருட ஆட்டத்துக்கான கூலியை முப்பது வருடத்துக்குப் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு அது. சம்பளச் சீட்டில் "கபடி" என்ற வார்த்தையே வராது, ஆனால் கொடுத்தது கபடிக்குத்தான்!

இதற்கு நல்ல உதாரணம் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி பி. கணேசன். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர், 1995ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' (2025) படத்துக்குத் தூண்டுகோலாக இருந்தது அவருடைய வாழ்க்கைதான். முதலில் சன் பேப்பர் மில் அணி, பிறகு மின்வாரியம் என்று போனது அவருடைய பாதை. ஆசியத் தங்கம் வாங்கியவருக்கே சோறு போட்டது ஆட்டத்தின் பேரில் கிடைத்த வேலைதான். அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் கதை இப்படித்தான் போகும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தை டீக்கடைக்காரர்கள் மறந்துவிட்டார்கள். தேசியப் போட்டியில் ரயில்வே தனி அணி, சர்வீசஸ் தனி அணி. ரயில்வேயில் வேலை கிடைத்த தஞ்சாவூர்ப் பையன் ரயில்வேக்குத்தான் ஆடுவான், எதிரே நிற்பது தமிழ்நாடாகவே இருந்தாலும். ரயில்வே பல வருடம் தேசியக் கோப்பையைத் தூக்கியதே இப்படி நாடு முழுக்க ஆட்களை எடுத்ததால்தான். ஆக, "நம்ம பையன் அடுத்தவனுக்கு ஆடுறான்" என்பது 2014ல் வந்த வியாதி இல்லை. அப்போது டிவியில் காட்டவில்லை, அதனால் யாரும் வருத்தப்படவும் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

2014 ஜூலை 26ல் புரோ கபடி தொடங்கியது. முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், பாட்னா எடுத்தது 12.80 லட்சத்துக்கு. இன்றைக்கு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். 2017ல் நிதின் தோமர் 93 லட்சம். 2018ல் மோனு கோயத் 1.51 கோடி. 2022ல் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு வாங்கியது தமிழ் தலைவாஸ். மனுஷன் முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டு சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். (அவர் இல்லாமலே அந்த வருடம் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி போனது. கோடிக்கும் வெற்றிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்க வேண்டிய இடம்!) 2023ல் அதே பவன் 2.605 கோடிக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் போனார்.

கடைமடை என்றால் என்னவென்று பேராவூரணிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக இங்கே வந்து சேருவதற்குள் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கபடிப் பணமும் அதே மாதிரிதான். 2023 ஏலத்தில் கடைசிப் பிரிவுக்கு அடிப்படை விலை 9 லட்சம். சில மாத சீசனுக்கு 9 லட்சம் நல்ல தொகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அடுத்த வருடம் யாரும் எடுக்கவில்லை என்றால் பூஜ்ஜியம். பன்னிரண்டு அணியில் இடம் கிடைப்பது சில நூறு பேருக்கு. ஊர் ஊராக ஆடுகிறவர்களோ கணக்கில் அடங்காதவர்கள்.

சரி, "தமிழன் எத்தனை பேரு" பிரச்சினைக்கு வருவோம்.

தலைவாஸ் 2017ல் வந்தது. சச்சின் டெண்டுல்கர் உரிமையாளர்களில் ஒருவர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், கேப்டன் இமாச்சலப் பிரதேசத்து அஜய் தாக்கூர். ஊருக்குள் பேச்சு கிளம்ப இது போதாதா! ஆனால் அந்த அணியில் பிரபஞ்சன், அருண் மாதிரி தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். பயிற்சியாளர் கே. பாஸ்கரனும் தமிழ்நாட்டுக்காரர்தான். தலைவாஸ் முதல் இரண்டு சீசனிலும் தன் பிரிவில் கடைசி, மூன்றாவது சீசனில் மொத்தத்திலேயே கடைசி. தோற்கிற அணி என்றால் ரசிகருக்கு ஊர்ப் பாசம் கூடுதலாகப் பொங்கும். 2022ல் அரையிறுதி போனபோது அஜிங்கியா பவாரும் நரேந்தரும் எந்த ஊர் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி. 1975ல் பிறந்தவர். லீக் தொடங்கும்போதே வயது 39. மற்ற ஆட்டங்களில் அந்த வயதில் ரிட்டையர் ஆகி வர்ணனைக்குப் போய்விடுவார்கள். இவர் மூலையில் நின்று, ரெய்டு வருகிறவரின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2016ல் 41 வயதில் பாட்னா பைரேட்ஸ் அணிக்குக் கேப்டன். ஜூலை 31ல் நடந்த இறுதியில் ஜெய்ப்பூரை 37-29 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கினார். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை வென்று உலகக் கோப்பை தூக்கிய இந்திய அணியிலும் இருந்தார். வடநாட்டு ஆட்டக்காரர்களுக்கும் அவர் "அண்ணா"தான்.

தலைவாஸ் வந்த 2017ல் அவர் புனே அணியில். 2018ல் மும்பை. 2019ல் ஹரியானாவுக்குக் கேப்டன்! கபடி ஆட்டக்காரர்களை மூட்டை மூட்டையாக விளைவிக்கிற மாநிலம் ஹரியானா. அதன் பெயரைச் சுமந்த அணிக்குத் தலைமை தாங்கியவர் காவிரிக் கரைக்காரர். "தலைவாஸில் தமிழர் மட்டும்" என்பது நியாயம் என்றால், "ஹரியானாவில் ஹரியானாக்காரர் மட்டும்" என்பதும் நியாயமாகிவிடும். அப்போது சேரலாதன் எங்கே ஆடுவார்? தமிழ்நாட்டுப் பையன்களுக்கு இன்னும் அதிக வாய்ப்பு வேண்டும் என்று கேட்பது சரி. வெளியூர்க்காரரைப் பார்த்து முகம் சுளிப்பது சரியில்லை. அவர் தலைவாஸ் பக்கம் வந்தது 2024ல்தான், அதுவும் பயிற்சிக் குழுவில்.

"காசு வந்துச்சு, ஆட்டம் போச்சு" என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண்ணுக்குப் பதில் மேட், வெறுங்காலுக்குப் பதில் ஷூ, ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. மண்ணில் பழகியவருக்கு மேட்டில் கால் நிற்காது என்பது உண்மை. மேட் இல்லாத ஊர்ப் பையன் தேர்வுக்குப் போனால் முதல் நாளே தடுமாறுவான் என்பதும் உண்மை. ஆனால் அது ஆட்டத்தின் குற்றம் இல்லை, நம்மூரில் மேட் இல்லாத குற்றம்.

வேலையா, ஏலமா, எது நல்லது என்ற கேள்விக்குக் காலமே ஒரு பரீட்சை வைத்தது. 2019 அக்டோபரில் ஏழாவது சீசன் முடிந்தது. அடுத்த சீசன் தொடங்கியது 2021 டிசம்பர் 22ல், பெங்களூருவில், பார்வையாளர் இல்லாமல். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் கொரோனா. லீக் இல்லை, ஏலப் பணம் இல்லை. திருவிழா இல்லாததால் ஊர்ப் போட்டியும் இல்லை. ரயில்வேயிலோ போலீஸிலோ இருந்தவருக்கு மாதா மாதம் சம்பளம் வந்தது. லீக்கை மட்டும் நம்பியிருந்தவர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். டெல்டாவுக்கு இந்த மாதிரி அடி புதிதில்லை. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் வந்தபோதும் ஆறாவது சீசன் நடந்துகொண்டுதான் இருந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து கிடக்க, உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தலைவாஸ் ஜெயித்ததா தோற்றதா என்று கேட்க யாருக்கு மனசு இருந்தது?

அடிபடுவதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஊர்ப் போட்டி ஒன்றில் ரெய்டு போன கல்லூரி மாணவர் ஒருவர் ஆட்டத்திலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனார். அந்த வீடியோவை எல்லாரும் பகிர்ந்தார்கள். ஆனால் போஸ்டர்களில் இன்றைக்கும் பரிசுத் தொகைதான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆம்புலன்ஸ் உண்டா, காப்பீடு உண்டா என்பதற்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை. லட்சக்கணக்கில் செலவு செய்து மைதானத்துக்கு விளக்குப் போடுகிறவர்களால் இதைச் செய்ய முடியாதா என்ன?

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டி நடந்தது. கபடியில் ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாவுக்குத் தங்கம். ஆண்கள் அணியில் இருந்த அபினேஷ் மோகன்தாஸ் வடுவூர்ப் பையன். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் இருக்கிற, விளையாட்டுக்குப் பேர்போன ஊர். பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தது.

பரிசு ஒன்றுதான், முன்னால் இருக்கிற வழி ஒன்றில்லை. அபினேஷுக்கு ஏலம் என்ற கதவு திறந்தே இருக்கிறது. பெண்களுக்காகப் புரோ கபடிக்காரர்கள் 2016ல் மூன்று அணிகளை வைத்து ஒரு சின்னத் தொடர் நடத்திப் பார்த்தார்கள். இறுதிப் போட்டி ஒரே புள்ளி வித்தியாசத்தில், 24-23 என்று முடிந்தது. அதற்குமேல் என்ன விறுவிறுப்பு வேண்டுமோ தெரியவில்லை, அதோடு விட்டுவிட்டார்கள். ஆகவே கார்த்திகாவுக்கு இன்றைக்கும் மணத்தி கணேசன் போன பழைய பாதைதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை, மாதம் பிறந்தால் சம்பளம்.