ஆட்டு ரோமத்தில் கிடைத்த துப்பு

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில், பெர்த் நகருக்கு வடக்கே ஜின்ஜின் என்றொரு சிற்றூர். 1930களில் அங்கே ஆடு வளர்த்தவர்களுக்கு ஒரு தீராத தொல்லை. நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்த குட்டிக்குச் சில வாரங்களில் பின்னங்கால்கள் பின்னிக்கொள்ளும். மந்தையை ஓட்டினால் மற்றவை ஓடும். இது மட்டும் இடுப்பு ஒரு பக்கம் சரிய, நாய் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடும். எழுந்து தாயின் மடிக்குப் போக முடியாமலே பல குட்டிகள் செத்தன. ‘ஜின்ஜின் ரிக்கெட்ஸ்’ என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கோளாறு இருந்த இடம் எலும்பு அல்ல, நரம்பு.

மாநில வேளாண் துறையின் கால்நடை நோயியல் நிபுணர் ஹரால்ட் பென்னட்ஸ், செத்த குட்டிகளின் மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்த்தார். நரம்பைச் சுற்றி இருக்க வேண்டிய வெள்ளை உறை கரைந்து போயிருந்தது. தாய் ஆடுகளுக்கோ கடுமையான ரத்தசோகை. அவற்றின் ஈரலிலும் மேய்ந்த புல்லிலும் தாமிரம் மிகக் குறைவு. 1937இல் பென்னட்ஸும் சாப்மனும் சேர்ந்து எழுதிய கட்டுரை, மண்ணில் தாமிரம் இல்லாததால் மந்தை சாகிறது என்று சொன்னது.

சென்ற வாரம் பார்த்த விஸ்கான்சின் எலிகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பால் மட்டும் குடித்து ரத்தம் வெளுத்த எலிகளுக்கு வெறும் இரும்பு போதவில்லை, கூடவே துளித் தாமிரமும் வேண்டும் என்று 1928இல் ஹார்ட் குழுவினர் காட்டியிருந்தார்கள். அது ஆய்வுக்கூடத்துக் கூண்டில் செய்து பார்த்தது. ஜின்ஜினில் அதையே ஒரு நிலப்பரப்பு முழுவதும் இயற்கை செய்து வைத்திருந்தது.

மருந்து மலிவுதான். மயில்துத்தம்! சினையாட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தால் குட்டி ஒழுங்காக நடந்தது. ஆனால் கால் பின்னத் தொடங்கிவிட்ட குட்டிக்கு எவ்வளவு கொடுத்தும் பயனில்லை. நரம்புக்கு உறை போர்த்தும் வேலையில் பெரும்பகுதி தாயின் வயிற்றுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தாமிரம் கிடைக்காவிட்டால், பிற்பாடு கொட்டிக் கொடுத்தாலும் போனது போனதுதான்.

ஆட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனித்திருந்தார்கள். மெரினோ ஆட்டின் ரோமத்துக்கு விலையே அதன் நெளிவில் இருக்கிறது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை நெளி என்று பார்த்துத் தரம் பிரிப்பார்கள். தாமிரம் குறைந்த மேய்ச்சலில் அந்த நெளி மறைந்து, ரோமம் கம்பிபோல் நேராக, பளபளவென்று வளரும்; இழுத்தால் பட்டென்று அறுந்துபோகும். ‘எஃகுக் கம்பளி’ என்று வியாபாரிகள் அதை ஒதுக்கினார்கள். கறுப்பு ஆடாக இருந்தால் நிறமும் போய்விடும். தாமிரத்தைச் சில காலம் கொடுத்து, சில காலம் நிறுத்திப் பார்த்தால், ஒரே மயிரிழையில் கறுப்பும் வெளுப்பும் மாறி மாறிப் பட்டையாக விழும். என்றைக்குத் தீனி சரியாக இருந்தது, என்றைக்கு இல்லை என்பதற்கு அந்த ஆட்டின் முதுகே கணக்குப் புத்தகம். அடிலெய்டில் ஹெட்லி மார்ஸ்டன் முதலானோர் இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதினார்கள். எழுதியது கால்நடை, கம்பளி இதழ்களில். குழந்தை மருத்துவர் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது நியூயார்க்குக்குப் போவோம். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குழந்தை நரம்பியல் மருத்துவரான ஜான் மெங்கிஸ், 1962இல் தம் சகாக்களோடு ஒரு குடும்பத்தின் துயரத்தை மருத்துவ இதழில் பதிவு செய்தார். ஐந்து ஆண் குழந்தைகள். பிறந்தபோது குறையேதும் தெரியவில்லை. சில மாதங்களுக்குள் வளர்ச்சி நின்றது, வலிப்பு வந்தது, ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தார்கள். பெண் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே தாய் வழியாக எக்ஸ் குரோமோசோமில் வரும் நோய் என்பது தெளிவு. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரித் தலைமயிர்: வெளுத்து, முறுக்கிக்கொண்டு, தொட்டால் உடையும்படி இருந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே ‘விநோதமான தலைமயிர்’ என்று குறிப்பிட்டார் மெங்கிஸ். அமினோ அமிலங்களில் கோளாறு இருக்குமோ என்று தேடினார்கள், பிடிபடவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் முன்பு, பயிற்சிக் காலத்திலேயே ‘மேப்பிள் சிரப்’ சிறுநீர் நோயை அடையாளம் கண்டவர் அவர். கூர்மைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு ஆட்டு ரோமத்தை யார் நினைப்பார்கள்?

மெல்பர்னில் இருந்தால் நினைக்கலாம். அங்கே ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் மரபியல் பார்த்துக்கொண்டிருந்த டேவிட் டேங்ஸிடம் 1970களின் தொடக்கத்தில் இப்படிப்பட்ட குழந்தைகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். அந்த மயிரைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்தது, தாமிரம் இல்லாத மண்ணில் மேய்ந்த ஆட்டின் கம்பளி. கம்பளியால் வாழும் நாட்டில் வளர்ந்தவருக்கு அது சுலபம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அதே நாட்டில் எத்தனையோ மருத்துவர்கள் இருந்தார்கள்; சோதித்துப் பார்க்கத் தோன்றியது இவருக்குத்தான். குழந்தைகளின் ரத்தத்தில் தாமிரத்தை அளந்தார். மிக மிகக் குறைவு. 1972இல் செய்தி வெளியானது.

தீனியில்தான் குறை என்றால் மயில்துத்தத்தோடு கதை முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை. வாய்வழி தாமிரம் கொடுத்தால் ரத்தத்தில் ஏறவே இல்லை. குடலின் உட்சுவரில் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது அங்கே தாமிரம் அளவுக்கு மீறிக் குவிந்து கிடந்தது! குடலின் செல்கள் உணவிலிருந்து அதை வாங்கிக்கொள்கின்றன, மறுபக்கம் ரத்தத்துக்குக் கொடுக்க வழியில்லை. களஞ்சியம் நிறைந்திருக்க ஊர் பட்டினி.

ஒரு மனிதன் உடம்பு முழுக்கச் சேர்த்தாலும் தாமிரம் சுமார் 100 மில்லிகிராம்தான் தேறும். அது இல்லாமல் போனால் ஏன் இத்தனை சேதம்? சில நொதிகளுக்குத் தாமிர அணு உள்ளே உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். மயிருக்குக் கறுப்பு தரும் டைரோசினேஸ் அவற்றில் ஒன்று. செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் கடைசிப் படியில் நிற்பதும் தாமிர நொதிதான். மூளை முதலில் படுப்பது அதனால். மூன்றாவது, ரத்தக்குழாய்ச் சுவரின் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதி. அது முடங்கினால் தமனிகள் தளர்ந்து, கொடிபோல் வளைந்து நெளிந்து போகும். ஆட்டின் நெளி போனதற்கும் குழந்தையின் மயிர் உடைந்ததற்கும் காரணம் ஒன்றே. கெரட்டின் புரதத்தில் கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே விழ வேண்டிய முடிச்சுகள் விழாமல் நின்றுவிடுகின்றன.

அடைபட்ட அந்த வழி எது என்று தெரிய மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 1993இல் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் மரபணுவைக் கண்டுபிடித்தன. அதில் ஒன்று டேங்ஸ் தொடங்கிய மர்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜூலியன் மெர்சரின் குழு. செல்லுக்குள்ளிருந்து தாமிரத்தை வெளியே தள்ளும் ஒரு பம்ப்புக்கான மரபணு அது. அதே சாயலைப் பிடித்துக்கொண்டு போனதில், தாமிரம் ஈரலில் தேங்கிக் கெடுக்கும் வில்சன் நோயின் மரபணுவும் அந்த ஆண்டு முடிவதற்குள் கிடைத்துவிட்டது. ஒரு பம்ப் கெட்டால் உடம்புக்குத் தாமிரம் கிடைக்காது, அதன் உடன்பிறப்பு கெட்டால் கழிவாகப் பித்தநீரில் வெளியேறாது. வில்சன் நோய்க்குத் தனி அத்தியாயம் வரும்.

குடலைச் சுற்றிக்கொண்டு போவதுதான் சிகிச்சை. டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய பிபுதேந்திர சர்க்கார், ரத்தத்தில் தாமிரம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தோடு இணைந்தும் பயணிப்பதை 1960களிலேயே காட்டியிருந்தார். அதே கூட்டை ஊசியாகத் தோலுக்கடியில் செலுத்தத் தொடங்கினார்கள். ஆனால் ஜின்ஜின் ஆட்டுக்குட்டிகளுக்கு இருந்த அதே கெடு இங்கேயும் இருந்தது. நோய் தெரிந்த பிறகு போட்ட ஊசி பெரும்பாலும் மூளையைக் காப்பாற்றவில்லை.

பிறந்த உடனே தெரிந்துகொள்ள வழி? மயிரைப் பார்க்கலாம் என்றால், பிறக்கும்போது அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ரத்தத்தில் தாமிரத்தை அளக்கலாம் என்றால், பச்சிளம் குழந்தைகள் எல்லோருக்குமே அது குறைவுதான். அமெரிக்காவில் ஸ்டீஃபன் கேலர் வேறு வழி பிடித்தார். டோபமினை நார்அட்ரினலினாக மாற்றுவதும் ஒரு தாமிர நொதி. அது முடங்கினால் முன்னது ரத்தத்தில் ஏறும், பின்னது குறையும். குடும்பத்தில் நோய் இருந்த 81 குழந்தைகளை இப்படிச் சோதித்து, நோய் உறுதியான 12 பேருக்குப் பிறந்த 22 நாட்களுக்குள் ஊசி தொடங்கினார்கள். 2008இல் வந்த முடிவு: நடுமதிப்பாக 4.6 ஆண்டுகள் கண்காணித்தபோது 92 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். தாமதமாகச் சிகிச்சை பெற்ற பழைய நோயாளிகள் 15 பேரில் அந்த விகிதம் 13 சதவீதம். 12 பேரில் இருவருக்கு மூளை வளர்ச்சி இயல்பாக அமைந்தது. பழுதுபட்ட பம்ப் கொஞ்சமாவது வேலை செய்யும் குழந்தைகளுக்கே ஊசி நன்றாகப் பிடிக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது.

(தொடரும்)