மேரி கட்டடம்

கடற்கரைச் சாலை மேரியை ஏதோ பெண்ணின் பெயர் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். பிரெஞ்சில் அது நகராட்சி அலுவலகம். 1870-71இல் எழுந்தது. அந்தக் காலத்து முறை சுண்ணாம்புக் காரை, மர உத்தரம், உயர்ந்த கூடம். கடற்காற்றே விசிறி. உப்புக் காற்று கான்கிரீட்டின் கம்பியைத் துருவேற்றிப் பிளக்கும்; சுண்ணாம்புச் சுவரில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை. அதற்கு எதிரி தண்ணீர்தான். தளத்து விரிசலில் அரசங்கன்று வேர்விட்டால் மழை சுவருக்குள் இறங்கிவிடும், உத்தரம் உளுத்துவிடும். வருஷாவருஷம் பார்க்க வேண்டும். பராமரிப்புக் கோப்பு நகரும் வேகம் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியாததா!

2014 நவம்பர் மழையில் மேரி இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஐப்பசிக்கு முன் மாடியேறி வடிகாலில் அடைத்த சருகை அள்ள ஒரு ஆள் போட்டிருக்கிறார்களா?